'தி ப்ளட் ஆஃப் வுல்வ்ஸ்' தமிழ் சப்டைட்டில்: உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். கஸுயா ஷிராய்ஷியின் 2018 படம் இது. சட்டத்தைக் காற்றில் விட்டு யகுசா என்ற ஜப்பானிய மாஃபியா கும்பலோடு புழங்கும் போலீஸ்காரர் ஓகாமியாக கோஜி யகுஷோ. கதை நடப்பது 1988, ஹிரோஷிமா வட்டாரம்.

ஆங்கில எஸ்ஆர்டியை (வசனமும் அது வரும் நேரமும் உள்ள உரைக் கோப்பு) வைத்துத் தமிழாக்கம் முடிந்தது. அந்தக் கோப்பு நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கு, நம்ம ப்ளூரே 23.976. அதனால் ஒரு மணி நேரத்தில் வசனம் சுமார் இரண்டரை நிமிடம் முந்தி வந்தது. நேரத்தை மட்டும் தள்ளினால் தொடக்கம் சரியாகும், போகப்போக மறுபடி விலகும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் முதலில் ஃபிரேம் ரேட்டை மாற்றி, பிறகு முதல் வசனத்தை வைத்துத் தள்ளியதும் கடைசிவரை ஒட்டி நிற்கிறது.

இப்போ சிக்கல் இரண்டு. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமித்தும், யுஎஸ்பி வழியாக டிவியில் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுகிறது. 'கெ', 'கொ' எல்லாம் குலைந்துவிடுகிறது. கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் சுத்தமாக வருகிறது. ஆக, கோளாறு டிவி எழுத்துகளைக் கோக்கும் விதத்தில்தான். வீடியோவிலேயே பதித்தால் தீரும், ஆனால் மறுபடி என்கோட் செய்து படத்தின் தரத்தைக் கெடுக்க மனசில்லை. எழுத்தைப் படமாகவே வைக்கும் பிஜிஎஸ் சப்டைட்டில் வடிவில் யாராவது தமிழ் ஏற்றியிருக்கீங்களா? எழுத்து அளவு என்ன வைத்தீங்க?

இரண்டாவது, ஜப்பானியம் தெரிந்தவர் ஒருவர் வேணும். ஓகாமியிடம் கும்பல் தலைவர்கள் மரியாதையோடு பேசுகிறார்களா, சமமாகவா என்பது ஆங்கிலத்தில் தெரியவே இல்லை. நீயா நீங்களா என்று காட்சிவாரியாகச் சொன்னால் போதும்.