முந்திரிக்கொத்து: கப் அளவை கிராமுக்கு மாற்றுவது எப்படி?

வடசேரிக்காரி:
வறுத்துப் பொடித்த பயறை வெல்லப் பாகில் உருட்டி, கரைத்த மாவில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்துக்கு வீட்டுக் குறிப்பில் உள்ள அளவு: சிறுபயறு 4 கப், பொடித்த வெல்லம் 3 கப், தேங்காய்த் துருவல் 2 கப், எள் கால் கப், ஏலக்காய்ப் பொடி 1 டீஸ்பூன். இந்த அளவுக்கு நன்றாக வருகிறது. கல்யாண வீட்டுக்காக நாலு மடங்கு போட்டால் உருண்டை பிடிக்கும்போதே உதிர்கிறது, எண்ணெயில் விண்டும் போகிறது. கிராம் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தராசு 1 கிராம் வரை காட்டும்.

தக்கலைப் பலகாரம்:
முதலில் உங்கள் கப்பை அளந்துவிடுங்கள் அக்கா. கடையில் 200, 240, 250 மில்லி என்று மூன்று விதமும் கிடைக்கும். காலிக் கப்பைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி. ஃபேனை நிறுத்திவிட்டு நிறுங்கள், காற்றுக்கு எண் ஆடும்.

240 மில்லி கப்பில் தலைதட்டி எடுத்தால் சிறுபயறு சுமார் 200 கிராம், பச்சரிசி 190 முதல் 200, சீனி 200, எள் 145, தேங்காய் எண்ணெய் 220. இவற்றில் யார் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. மைதாவை கரண்டியால் மெதுவாகப் போட்டால் 120, கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும்.

உங்களுக்குக் காலை வாருவது வெல்லம்தான். பொடித்ததைத் தளர்வாகப் போட்டால் கப்புக்கு 150 சொச்சம், அமுக்கி நிரப்பினால் 200. மூன்று கப் அளக்கும்போது கை தானாக அமுக்கும், 600 கிராம் விழும். பன்னிரண்டு கப் அளக்கும்போது அவசரத்தில் அள்ளிப் போடுவோம். 2,400 வர வேண்டிய இடத்தில் 1,800 தான் வரும். அரைக் கிலோவுக்கு மேல் பாகு குறைந்தால் மாவு எப்படி ஒட்டும்? உங்கள் கப் 240 மில்லி என்றால், நாலு மடங்குக்குப் பயறு 3,200 கிராம், வெல்லம் 2,400 கிராம் என்று நிறுத்துப் போடுங்கள்.

பயறை வறுத்துப் பொடித்த பிறகு கப்பால் அளக்கவே கூடாது. பொடித்தால் உப்பி இடம் கூடும், எடை கூடாது.

குளச்சல் அடுக்களை:
மேலே சொன்னது சரி. ஆனால் ஈரமுள்ள பொருளில் எடையும் ஏமாற்றும். தேங்காய்த் துருவல் கப்புக்கு 80 முதல் 90 கிராம். அதில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர், சிவக்க வறுத்தால் எடை பாதியாகிவிடும். அதனால் குறிப்பில் "துருவல், வறுக்கும் முன்" என்று எழுதி வையுங்கள்.

உருண்டையை முக்கியெடுக்கும் மேல்மாவும் அப்படித்தான். ஊறவைத்து இடித்த ஈர அரிசி மாவும் கடையில் வாங்கிய உலர்ந்த மாவும் ஒரே எடையில் ஒரே தண்ணீரைக் குடிக்காது. அங்கே தராசை விட்டுவிட்டு, உருண்டையில் மாவு வழியாமல் போர்த்துகிறதா என்று பாருங்கள். கரைத்தது நீர்த்தால் உருண்டைக்கு உறை பிடிக்காது, விண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாகுக்கு ஒரு வழி உண்டு. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, கம்பிப் பதம் வந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து எழுதுங்கள். அடுத்த தடவை அதே பாத்திரத்தில் அதே அளவு வெல்லம் போட்டால், அந்த எடை வந்ததும் இறக்கலாம். தராசின்மேல் ஒரு பலகையை வைத்து பூஜ்யம் ஆக்கிய பிறகே சூடான பாத்திரத்தை வைக்க வேண்டும். கருப்பட்டி என்றால் கரைத்து, மண் வடிகட்டிய பிறகு பாகு காய்ச்சுங்கள்.

வடசேரிக்காரி:
ஏலக்காய்ப் பொடி நாலு ஸ்பூன்தானே, அதையும் நிறுக்கவா? இன்னொரு குறிப்பில் நாழி, உழக்கு என்று இருக்கிறது. அதற்கு என்ன கணக்கு?

தக்கலைப் பலகாரம்:
டீஸ்பூனுக்கு ஏலக்காய்ப் பொடி 2 கிராம்தான். 1 கிராம் தராசு அவ்வளவு சின்ன எடையில் தடுமாறும், ஸ்பூனிலேயே போடுங்கள்.

நாழிக்குப் பட்டியலைத் தேட வேண்டாம். தமிழ்நாட்டு வாய்ப்பாட்டில் எட்டு ஆழாக்கு ஒரு நாழி, அது ஒரு படி. திருவிதாங்கூர் வழக்கில் நாலு நாழி ஒரு இடங்கழி, அந்த நாழி ரொம்பச் சின்னது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டும் புழங்கியிருக்கும். குறிப்பு எழுதிய வீட்டின் நாழி கிடைத்தால் தண்ணீர் ஊற்றி நிறுத்துவிடுங்கள். அதை 240-ஆல் வகுத்தால் எத்தனை கப் என்று வரும், பிறகு மேலே உள்ள எடைகளால் பெருக்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் நாழியைக் கூம்பாக நிறைத்தும் அளப்பார்கள். தலைதட்டியா, கூம்பாகவா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.