மறு: ஸ்பிளைசிங் – கவ்வாத்தா, துண்டிணைப்பா?

அன்புள்ள ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற நண்பர்களுக்கும்,

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இரண்டு நாளாக அடைமழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது, அதனால்தான் பதில் தாமதம். பரம்பரையலகிலிருந்து (ஜீன்) படியெடுத்த செய்தியில் வேண்டாத துண்டுகளை நீக்கி மீதியை ஒட்டும் ஸ்பிளைசிங்குக்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா தந்த ‘வெட்டல்’, அக்கா தந்த ‘நறுக்கல்’ இரண்டையும் என் உயர்தர உயிரியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். படம் வரைந்து, அந்தச் செய்தியான தூது ஆர்.என்.ஏ. கலத்தின் கருவுக்குள் என்ன பாடுபடுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன், “அப்போ கவ்வாத்துதானே சேர்?” என்றான்.

மலையகம் தெரியாதவர்களுக்கு: தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தியால் தாழ வெட்டிவிடுவதைத்தான் இங்கே கவ்வாத்து என்பார்கள். சொல் எனக்கும் பிடித்துத்தான் போனது. ஆனால் கவ்வாத்து மலையில் வெட்டிய வாதுகள் அங்கேயே கிடக்கும், செடி தானாகத் துளிர்க்கும். எவரும் இரண்டு வாதுகளை எடுத்து ஒன்றோடொன்று பொருத்துவதில்லை. பையனின் மேல் பிழையில்லை. ‘வெட்டல்’ என்று நான் எழுதியதால் அவனுக்கு வெட்டு மட்டும்தான் தெரிந்தது.

டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் பரம்பரையலகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள் (செய்தியை எழுதும் வேதி அலகுகள்). கருவை விட்டு வெளியே வரும் தூது ஆர்.என்.ஏ.வோ சுமார் 14,000 எழுத்துகள்தான். மிச்சமெல்லாம் உள்ளேயே கழிக்கப்படுகிறது. வெட்டு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சுகிற 79 துண்டுகளும் வரிசை மாறாமல், ஓர் எழுத்துகூடப் பிசகாமல், 78 இடங்களில் ஒட்ட வேண்டும். மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படும் செய்தி அது. ஓர் இணைப்பில் ஓர் எழுத்து நழுவினால் அதற்குப் பின்னுள்ளது முழுவதும் உளறலாகிவிடும். நுட்பமெல்லாம் ஒட்டுவதில் இருக்க, பெயரை வெட்டுக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

ஆங்கிலச் சொல்லும் கப்பல்காரர்களின் கயிற்று வேலையிலிருந்து வந்ததுதான். முடிச்சுப் போடாமல், புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று பின்னி, இரண்டு கயிற்றை ஒரே கயிறாக்குவது. அங்கேயும் இணைப்புத்தான் முக்கியம். எங்கள் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் வெடித்தால் என்ன செய்கிறோம்? வெடித்த துண்டை அறுத்தெடுத்துவிட்டு இரு முனைகளையும் பொருத்துகிறோம். வகுப்பில் இதைச் சொன்னபிறகுதான் பையன் தலையாட்டினான்.

சரி, சொல்லுக்கு வருவோம். முதலில் எனக்குத் தோன்றியது ‘புணர்ச்சி’. மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது நடுவில் மகரம் கெட்டு மீதி ஒட்டிக்கொள்கிறதே, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த உயிரியல் வகுப்பில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் பாடம் நடத்த முடியாது. போதாததற்கு எங்கள் பாடநூல் தமிழில் ‘புணரி’ என்பது இலிங்கக் கலத்தைக் குறிக்கிறது. அந்த இடம் நிரம்பிவிட்டது.

அதனால் ‘துண்டிணைப்பு’ என்று வைத்துப் பார்க்கிறேன். துண்டுகளை இணைப்பது என்பது நேர்ப்பொருள். காதில் விழும்போது துண்டித்தலும் கூடவே கேட்கிறது, அது இலவசம். இன்னொன்றையும் கவனியுங்கள். துண்டு, இணைப்பு இரண்டும் சேரும்போது இடையிலுள்ள உகரம் ஓடிப்போய் இரு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. தான் குறிக்கும் வேலையைச் சொல்லே செய்துகாட்டுகிறது!

ஒட்டப்பட்டுத் தங்கும் துண்டான எக்சான், வெட்டி நீக்கப்படும் துண்டான இன்ட்ரான் இரண்டும் வால்டர் கில்பர்ட் 1978இல் வைத்த பெயர்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் பிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் அடினோ வைரசில் இந்தத் துண்டு விவகாரத்தைக் கண்டிருந்தன. எக்சானைப் ‘புரதக்குறித் துண்டு’ என்று ஐயா எழுதியதை ஏற்க முடியவில்லை. புரதமாக மொழிபெயர்க்கப்படாத தலைப்பகுதியும் வால்பகுதியும்கூட எக்சான்களில்தான் இருக்கின்றன. இன்ட்ரானுக்கு ‘இடையன்’ வேண்டவே வேண்டாம், ஆடு மேய்க்கப் போய்விடும். நான் சொல்வது ‘தங்குதுண்டு’, ‘நீங்குதுண்டு’. தூது ஆர்.என்.ஏ.வின் இரு முனைகளில் சேரும் பகுதிகளுக்கு வைத்த முனைத்தொப்பி, அடினின் வால் இரண்டிலும் எனக்குச் சண்டையில்லை, அப்படியே இருக்கட்டும்.

சொல் வாக்கியத்தில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயுள்ள நம் நாட்டு நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் ஒரு விகாரத்தை வைத்து எழுதுகிறேன்: “பீட்டா குளோபின் பரம்பரையலகில் மூன்று தங்குதுண்டுகளும் இரண்டு நீங்குதுண்டுகளும் உள்ளன. முதலாம் நீங்குதுண்டின் 5ஆம் எழுத்தான ஜி, சி ஆக மாறினால் வெட்டுமிடத்தை அடையாளம் காண்பது தடுமாறுகிறது. துண்டிணைப்பு பெரும்பாலும் பிழையான இடங்களில் நடக்கிறது. சரியான தூது ஆர்.என்.ஏ. குறைந்து, குளோபினும் குறைகிறது.” வாசித்தபோது பிள்ளைகள் எங்கும் தடுக்கி நிற்கவில்லை. இந்த வேலையைச் செய்யும் கல இயந்திரமான ஸ்பிளைசோசோமைத் ‘துண்டிணைப்பி’ என்றும் எழுதிக்கொண்டார்கள், நான் சொல்லாமலே.

ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. மனிதரில் ஒன்றுக்கு மேற்பட்ட எக்சான்களைக் கொண்ட பரம்பரையலகுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் மாற்றுத் துண்டிணைப்பு நடக்கிறது. ஒரு இழையத்தில் (திசுவில்) தங்கும் துண்டு இன்னோர் இழையத்தில் விடுபட்டுப்போகும். அப்போது தங்காத தங்குதுண்டை என்னவென்று அழைப்பது? ‘விடுபடு தங்குதுண்டு’ என்றால் நாக்கு சுளுக்குகிறது. அக்கா, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? வெள்ளிக்கிழமை இந்தப் பகுதியை நடத்த வேண்டும்.