'ஜெயில்பிரேக்': 'சிறையுடைப்பு' வேண்டாம், 'பூட்டவிழ்ப்பு' ஆகட்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தயாரிப்பாளர் இட்ட மென்பொருள் தடையை நீக்கி, கருவியில் நாம் விரும்பும் நிரலை ஓட்டுவதை 'ஜெயில்பிரேக்' என்கிறார்கள். வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்கான நம் சொற்பட்டியலில் அதற்கு முன்மொழியப்பட்டுள்ள 'சிறையுடைப்பு' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் சிறையை உடைப்பவன் குற்றவாளி என்பதால், வழக்கே தொடங்காத இடத்திலும் அந்தச் சொல் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. 'ஹேக்கிங்' என்பதற்கு வழங்கும் 'கொந்துதல்' பிறர் கணினிக்குள் நுழைவதையும் குறிப்பதால் இங்கே பொருந்தவில்லை.

2006இல் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது, அதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவும் வசதியைச் சோனியே தந்திருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 புதுப்பிப்பு அதை நீக்கியது. அந்தப் புதுப்பிப்பை ஏற்க மறுத்தவர்கள் இணையவழி ஆட்டத்தை இழந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற கொந்துநர் குழுவினர், மென்பொருள் உண்மையானதென்று உறுதிசெய்யும் மின்கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எடுக்கவேண்டிய எண்ணைச் சோனி மாற்றாமலே பயன்படுத்தி வந்ததால், இரண்டு கையொப்பங்களைக் கொண்டே, கையொப்பமிடப் பயன்படும் மறைச்சாவியைக் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார்கள். அடுத்த மாதம் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் இன்னொரு சாவியை வெளியிட, சோனி வழக்குத் தொடுத்தது. ஏப்ரலில் சமரசம் அறிவிக்கப்பட்டது. லினக்ஸைத் திரும்பப் பெற விரும்பியவருக்கும் திருட்டுப்படி ஓட்ட விரும்பியவருக்கும் திறந்தது ஒரே வழிதான். ஆகவே நமக்கு வேண்டியது செயலை மட்டும் சுட்டும் சொல்; திருட்டுக்குத் 'திருட்டுப்படி' என்ற சொல் தனியே இருக்கிறது.

'உடைப்பு' என்பது நடப்பதற்கும் பொருந்தாது. 2018இல் வெளிப்பட்ட நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியின் பாதுகாப்புக் குறையைப் பாருங்கள். வலக் கைப்பிடியைக் கழற்றினால் தெரியும் பள்ளத்தின் அடியிலுள்ள தொடுமுனைகளில் ஒன்றைச் சிறு கம்பியால் தரையிணைப்போடு சேர்த்து, ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தியபடியே மின்பொத்தானைத் தட்டினால், திரை கறுப்பாகவே இருக்க, கருவி மீட்பு நிலைக்குப் போகிறது. யுஎஸ்பி வழியே வரும் செய்தியின் நீளத்தை அங்கே சில்லு சரிபார்ப்பதில்லை; அதனால் அளவுக்கு மீறிய செய்தியை அனுப்பி நம் நிரலை ஓட்டிவிடலாம். மீட்பு நிலையின் நிரல் சில்லிலேயே பதிந்திருப்பதால், விற்றுப்போன கருவிகளில் புதுப்பிப்பால் திருத்தவும் முடியாது. இதில் எதுவும் உடைவதில்லை.

என் பரிந்துரை 'பூட்டவிழ்ப்பு'. பூட்டு என்பது கதவுக்கு மட்டும் உரியதன்று. ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம். வெயில் ஏறியதும் "ஏரை அவிழ்த்துவிட்டார்கள்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவிழ்ப்பவர் பெரும்பாலும் உரிமையாளர். ஆனால் அயலார் மாட்டை அவிழ்த்துப் போகிறவனுக்கும் அதே வினைதான். இரண்டுக்கும் இடம் தருவதாலேயே இச்சொல்லை விரும்புகிறேன். 'கட்டற்ற மென்பொருள்' வழக்கில் இருப்பதால் 'கட்டவிழ்ப்பு' முதலில் என்னை ஈர்த்தது. எனினும் செய்தித்தாள்களில் கட்டவிழ்த்துவிடப்படுவது எப்போதும் வன்முறைதான்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "கைபேசியின் பூட்டவிழ்ப்புக்கு 2010இல் பதிப்புரிமைச் சட்டத் தடையிலிருந்து விலக்களித்த அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர், விளையாட்டுக் கருவிகளுக்கு அதை 2012இல் மறுத்தார்." இங்கே 'சிறையுடைப்புக்கு விலக்கு' என்று எழுதினால் வாசகர் குழம்புவார்.

பூட்டவிழ்த்த கருவி, பூட்டவிழ்ப்பர் என்று இச்சொல் எளிதாகக் கிளைக்கிறது. தடையை மீறுவதற்காகக் கருவிக்குள் கூடுதலாகச் சேர்க்கும் சில்லான 'மாட்சிப்' (modchip) மட்டும் தனி. பற்றவைத்துச் சேர்ப்பது என்பதால், ஒட்டுமாங்கன்று போல 'ஒட்டுச்சில்லு' எனலாமா? மின்னணுப் பழுதுநீக்கும் நண்பர்கள் இதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று தெரிவித்தால், பட்டியலில் அதையே சேர்த்துவிடலாம்.