பீட் போசல்த்வெய்ட்: நாங்கள் கண்ட தந்தையர்

2010ஆம் ஆண்டு ‘இன்செப்ஷன்’ வெளியானபோது திரையரங்கில் பார்த்தேன். நண்பர்கள் மடிந்து எழும் நகரத்தைப் பற்றியும் கடைசியில் சுழலும் பம்பரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வெளியேறினார்கள். எனக்கோ, மரணப் படுக்கையில் கிடந்தபடி மகனிடம் ஒரு சொல்லைச் சொல்லத் திணறும் அந்தக் கிழத் தந்தையின் முகம்தான் கண்ணை விட்டு அகலவில்லை. துருத்திய கன்ன எலும்புகள் கொண்ட அந்த மனிதர் படத்தில் சில நிமிடங்களே வருகிறார். ஆனால் அத்தனை பேர் கனவுக்குள் கனவாக இறங்கிப் பாடுபடுவது, அவர் தம் மகனைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை மகன் மனத்தில் மாற்றி எழுதுவதற்காகத்தான். படம் வந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2011 ஜனவரி 2ஆம் நாள், 64 வயதில் அவர் புற்றுநோயால் இறந்தார். பீட் போசல்த்வெய்ட் என்ற அந்த ஆங்கில நடிகரின் பெயரையே அஞ்சலிக் குறிப்பில்தான் அறிந்தேன். (அந்தப் பெயரை அரங்க வாசலில் விளக்கெழுத்துகளில் போட்டால் மின்கட்டணம் கட்டி மாளாது என்று உடனிருந்தவர்கள் கேலி செய்ததுண்டாம். அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.) நண்பர்களே, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்: நீங்கள் அவரை முதலில் எந்த வேடத்தில் கண்டீர்கள்?

* * *

எனக்கும் அவர் தந்தையாகத்தான் அறிமுகமானார். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு ஊரில் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்ட மகன் ஜெரிக்கு உதவ 1974இல் பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டன் சென்று, தாமும் கைதாகி, 1980இல் கைதியாகவே இறந்த ஜூசெப்பே கான்லனாக, ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ (1993) படத்தில் நடித்திருந்தார். படத்தில் தந்தையும் மகனும் ஒரே சிறையறையில் அடைபட்டிருக்கிறார்கள். உண்மையில் அப்படி நடக்கவில்லை. அதைக் குறை கூறியவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆயினும், மகனாக வரும் டேனியல் டே-லூயிஸ் கொதித்துக் குமுறும்போது எதிரே தணிந்த குரலில் அமர்ந்திருக்கும் அந்தத் தந்தையைப் பார்த்த பிறகு, அந்தப் பொய்யை மன்னித்துவிட்டேன். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது டாமி லீ ஜோன்ஸுக்குப் போயிற்று.

இந்தச் சாந்தமான முகத்தை நம்பிக்கொண்டு, டெரன்ஸ் டேவிஸ் 1988இல் எடுத்த ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ படத்தைப் பின்னர் பார்த்தது என் தவறு. லிவர்பூல் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் உறங்கும் பிள்ளைகளை வாழ்த்திப் பரிசுகளைத் தொங்கவிடும் தந்தை, மறுநாள் சாப்பாட்டு மேசை விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்து அத்தனையையும் கொட்டிவிட்டு, அதைச் சுத்தம் செய்யும்படி மனைவியை நோக்கிக் கத்துகிறார். ஏன் என்று படம் சொல்வதில்லை, அவர் முகமும் சொல்வதில்லை. ஜூசெப்பேயைக் கண்டு கலங்கியது போலவே இவரைக் கண்டு நடுங்கினேன்.

* * *

லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2008ஆம் ஆண்டில் நான் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். ஹோப் தெருவிலுள்ள எவரிமேன் அரங்கில் ரூபர்ட் கூல்ட் இயக்கிய, ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் அவரைப் பார்த்தேன். அருகிலுள்ள வாரிங்டனில் 1946இல் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, 1970களில் இதே எவரிமேனில் பில் நைகி, ஜோனதன் பிரைஸ், ஜூலி வால்டர்ஸ் ஆகியோருடன் வளர்ந்தவர் அவர். ஹாலிவுட்டைக் கண்ட பின்பும் லியராக நிற்க இந்தச் சிறிய அரங்குக்கே திரும்பினார்.

தயாரிப்பில் புதுமைகள் அளவுக்கு மிஞ்சியிருந்தன என்பது என் கருத்து. விமர்சனங்களும் கலவையாகவே வந்தன. ஆனால் சித்தம் கலங்கிய லியர் பெண்கள் அணியும் பூப்போட்ட கவுனில் வந்தபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அரங்கம் தவித்தது. மூன்று மகள்களின் தந்தை, அதிகாரம் போன பின் உடம்பு எவ்வளவு சிறுத்துவிடுகிறது என்று அப்போது காட்டினார். பிறகு நாடகம் லண்டன் யங் விக் அரங்குக்குச் சென்றது. அன்றிரவு வாசலில் சற்று நேரம் காத்து நின்றேன். கடைசிப் பேருந்து போய்விடும் என்ற கவலையில் அவர் வருமுன் கிளம்பிவிட்டேன். அந்தப் பேருந்தும் கிடைக்கவில்லை.

* * *

‘பிராஸ்ட் ஆஃப்’ (1996) படத்தை யாரும் சொல்லவில்லையே. யார்க்ஷயரில் நிலக்கரிச் சுரங்கம் மூடப்படவிருக்கும் ஊரில், சுரங்கத் தொழிலாளர் இசைக்குழுவை நடத்தும் டேனியாக வருகிறார். நுரையீரலில் நிலக்கரித் தூசு படிந்தவர். குழுவைக் காக்கும் வெறியில், கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் சொந்த மகனைக் கவனிக்கத் தவறியவர். படத்தில் நாம் கேட்பது கிரைம்தோர்ப் சுரங்க இசைக்குழுவின் வாசிப்பு. அவ்வூர்ச் சுரங்கம் 1993இல் உண்மையாகவே மூடப்பட்டது.

எனக்குப் பிடித்தது, லண்டன் ஆல்பர்ட் ஹாலில் இசைப்போட்டி முடிந்ததும் அவர் ஆற்றும் உரை. இசைதான் பெரிது என்று இத்தனை நாள் எண்ணியிருந்ததாகவும், மனிதர்களுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்றும் மூச்சு வாங்கச் சொல்லி, வென்ற கோப்பையை வேண்டாம் என்று மறுத்துவிட்டு வெளியேறுகிறார். அவர் போனதுதான் தாமதம், குழுவில் ஒருவர் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.