எட்டு மாசப் பாப்பாவுக்கு சளி: எங்க குடும்ப குரூப்புல ராத்திரி ஓடின பேச்சு

அக்கா (இரவு 9:12): யாராவது முழிச்சிருக்கீங்களா, பாப்பாவுக்கு நேத்துலேர்ந்து மூக்கு ஒழுகுது, இப்ப அடைச்சுக்கிச்சு, பால் குடிக்க வாய வெச்சா மூச்சு விட முடியாம எடுத்துட்டு எடுத்துட்டு அழுவுறா. பெரியவனுக்கும் இருமல்

பாட்டி: இஞ்சிச்சாறு ஒரு சொட்டு தேன்ல கொழச்சு நாக்குல தடவு கண்ணு, சளி கரைஞ்சுரும்

சித்தி: அம்மா வேண்டாம்மா!! பாப்பாவுக்கு தேன் குடுத்துடாத, ஒரு வயசு முடியற வரைக்கும் ஒரு சொட்டு கூட கூடாது

பாட்டி: உங்க எல்லாருக்கும் நான்தான தொட்டு வெச்சேன், யாருக்கு என்ன ஆச்சு

சித்தி: ஒண்ணும் ஆகாதது நம்ம அதிர்ஷ்டம்மா. சில தேன்ல ஒரு கிருமியோட வித்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வெச்சாலும் சாகாது. நமக்கு ஒண்ணும் பண்ணாது ஆனா கைக்குழந்தை குடல்ல அது முளைச்சு விஷத்தை உண்டாக்கும், முதல்ல மலச்சிக்கல், அப்புறம் அழுகை சத்தம் தேஞ்சுடும், கழுத்து நிக்காது, பால உறிஞ்சக்கூட தெம்பு இருக்காது. அதிகம் வராது, வந்தா தாங்க முடியாதும்மா

பாட்டி: அய்யோ. சரி வேண்டாம் வேண்டாம்

மாமா: எண்ணெய்ல கற்பூரம் போட்டு சூடு பண்ணி நெஞ்சுல தேய்ச்சு விடலாம்ல

சித்தி: அதுவும் வேண்டாம் அண்ணா, கற்பூரம் 2 வயசுக்குள்ள கிட்டவே போகக்கூடாது. கைல ஒட்டி வாய்க்குள்ள போயிட்டா ஃபிட்ஸ் வரலாம்

அக்கா: அப்ப என்னதான் பண்றது சித்தி அழுதுட்டே இருக்கா

சித்தி: மருந்துக் கடைல சலைன் மூக்கு சொட்டு மருந்துன்னு கேளு, வெறும் உப்புத்தண்ணிதான். மடில மல்லாக்கப் போட்டு தலைய லேசா பின்னால சாய்ச்சு ஒவ்வொரு துவாரத்துலயும் 2 சொட்டு விடு, தும்முவா, பயப்படாத. ஒரு நிமிஷம் விட்டு முன்னால வந்த சளிய மெத்துன்னு துணியால தொடச்சு எடு, உள்ள துணிய திரிச்சு விடாத. உடனே பால் குடு. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு

பெரியம்மா: பெரியவனுக்கு ஆவி பிடிக்க வை, போர்வைய போத்தி

நான்: பெரியம்மா அது மட்டும் வேண்டாம். எனக்கு 5 வயசுல அப்படித்தான் பிடிச்சோம், போர்வைக்குள்ள இருட்டு, சூடு தாங்காம கால உதறினேன் பாத்திரம் கவுந்துடுச்சு. வலது தொடைல உள்ளங்கை அளவுக்கு தோல் வழண்டு போச்சு, இப்பவும் அந்த இடத்துல முடி முளைக்கல

அம்மா: அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், அப்படியும் பிடிக்க முடியல. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்

சித்தி: ஆமா. பெரியவனுக்கு 6 வயசுதான, அவனுக்கு தேன் குடுக்கலாம், படுக்கறதுக்கு அரை மணி முன்னாடி 1 டீஸ்பூன், அப்புறம் பல் விளக்க வை. ராத்திரி இருமலுக்கு நல்லா கேக்கும். கொப்பளிச்சுத் துப்பத் தெரியும்னா ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை டீஸ்பூன் உப்பு போட்டு தொண்டைய கொப்பளிக்க சொல்லு

பெரியம்மா: போன தடவை குடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கே

சித்தி: கொட்டிடுங்க அக்கா. சளி வைரஸ், அதுக்கு அந்த மருந்து வேலையே செய்யாது. சளி பச்சையா இருந்தாலும் அதேதான்

மாமா: எனக்கும் காலைலேர்ந்து முடியல, நல்லாத்தான் இருந்தேன் திடீர்னு குளிர் தூக்கிப் போட்டுச்சு, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, 102 காய்ச்சல். அம்மாவோட கஷாயம் போட்டு குடிச்சேன்

சித்தி: கஷாயம் குடிங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. இப்படி திடுதிப்புன்னு வந்தா ஃப்ளூவா இருக்கலாம், உங்களுக்கு சுகர் வேற. ஃப்ளூ மருந்து முதல் 2 நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். நாளைக்குக் காலைல முதல் வேலையா டாக்டர்கிட்ட போங்க, பாப்பா பக்கம் வராதீங்க

அக்கா: சித்தி எப்படி இருந்தா பயப்படணும், அத சொல்லிடுங்க

சித்தி: தூங்கும்போது சட்டைய தூக்கி நெஞ்ச பாரு, முழுசா 1 நிமிஷம் எண்ணு. அவ வயசுக்கு 50க்கு மேல மூச்சு ஓடினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ உள்ள குழிஞ்சாலோ, பால் குடிக்கவே மறுத்தாலோ, உதடு நீலமானாலோ விடியட்டும்னு காத்திருக்காத, கிளம்பிடு. மத்தபடி சளி ஒரு வாரம் பத்து நாள் இருக்கும், இருமல் அதுக்கு மேலயும் இழுக்கும்

அக்கா (11:40): சொட்டு விட்டேன், ரெண்டு தும்மல் போட்டா, இவ்ளோ சளி வந்துச்சு. ஒரு பக்கம் முழுசா குடிச்சுட்டு தூங்கிட்டா. ரெண்டு தடவ எண்ணினேன் 36, 38

அம்மா: அப்பாடா 🙏

பாட்டி: நீ சாப்டியா கண்ணு? உன் குரலே கட்டியிருக்கு. மிளக மாவாக்காத, ஒண்ணு ரெண்டா நுணுக்கு, இஞ்சிய தோல் சீவி தட்டிப் போட்டு ரெண்டு டம்ளர் தண்ணிய ஒரு டம்ளரா சுண்ட விடு. நீ தேன் போட்டுக்கலாம்ல?

சித்தி: அவ தாராளமா போட்டுக்கலாம்மா, பால் குடுக்கறதால ஒண்ணும் ஆகாது. கரண்டிய மட்டும் பாப்பா கைக்கு எட்டாம வெக்க சொல்லு

அக்கா: அடுப்புல வெச்சுட்டேன் பாட்டி