எண்ணெய்க் கிணற்றில் சிமென்ட் சரியாக ஏறியும் அனுலஸில் அழுத்தம் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி:
கிணற்று வடிவமைப்பில் ஆய்வு செய்கிறேன். கேசிங்குக்கு (கிணற்றுக்குள் இறக்கும் எஃகுக் குழாய்) வெளியே சிமென்ட் திட்டமிட்ட உயரம் வரை ஏறியிருக்கிறது, அழுத்தச் சோதனையும் சரி, ஆனால் உற்பத்தி தொடங்கியபின் அனுலஸில் (கேசிங்கைச் சுற்றிய வளைய இடைவெளி) அழுத்தம் ஏறுகிறது. வால்வைத் திறந்து வடித்தாலும் மறுபடி வருகிறது. சிமென்டின் வலிமையைக் கூட்டினால் தீருமா?

பதில் 1:
தீராது. வடித்தபின் திரும்பாவிட்டால் அது பெரும்பாலும் சூட்டில் திரவம் விரிந்ததுதான். திரும்ப வந்தால் எங்கோ கசிவு. உற்பத்தியின்போது கேசிங் சூடாகி விரிந்து சிமென்டை நெருக்கும், கிணற்றை மூடினால் சுருங்கி மயிரிழை இடைவெளி விடும், வாயுவுக்கு அதுவே போதும். கடினமான சிமென்ட் இன்னும் சுலபமாக விரிசல் விடும். லேடெக்ஸ், ரப்பர் துகள் சேர்த்து யங் மாடுலஸை (விறைப்பின் அளவு) குறைத்துப் பாருங்கள்.

பதில் 2:
அப்புறம் உறையும் நேரம். சிமென்ட் கூழ் கெட்டிப்பட ஆரம்பித்ததும் தன் எடையைச் சுவர்கள் தாங்கும்படி விட்டுவிடும், ஹைட்ரோஸ்டாட்டிக் அழுத்தம் (கூழின் எடை தரும் அழுத்தம்) சரியும், வாயு நுழைந்துவிடும். ஜெல் வலிமை (உறையும் கூழின் இறுக்கம்) 100 சதுர அடிக்கு 100 பவுண்டிலிருந்து 500 பவுண்டுக்கு ஏறும் அந்த நேரத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ சுருக்குங்கள். வெப்பம் 110 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிலிகா மாவு (சூட்டில் சிமென்ட் வலிமை இழக்காமல் காக்கும் மணல் தூள்) கட்டாயம், வழக்கமாக சிமென்ட் எடையில் 35 சதவீதம்.

பதில் 3:
எந்தச் சோதனை செய்தார்கள்? உள்ளிருந்து அழுத்தினால் கேசிங் தாங்குமா என்றுதான் தெரியும், வெளிச் சிமென்ட் பற்றி ஒன்றும் தெரியாது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் எதிர்மறைச் சோதனையே (உள் அழுத்தத்தைக் குறைத்து வெளியிலிருந்து கசிகிறதா என்று பார்ப்பது) செய்தார்கள், அழுத்தமே இருக்கக் கூடாத டிரில் பைப்பில் (துளையிடும் குழாய்) 1,400 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) காட்டியும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். கிணறு பீறிட்டு வெடித்ததில் 11 பேர் இறந்தார்கள்.