புதுப்பிப்பு: ஸ்பெயின் மாட்டு மந்தையோடு குதிரைப் பயணம், ஒரு திருத்தமும் சில பதில்களும்

மேய்ச்சல் நிலம் மாற்ற மலைமாடுகளை ஓட்டிப்போகும் ஸ்பெயின் பயணத்தில் குதிரையில் சேரலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை: மந்தைப் பாதையெல்லாம் 75 மீட்டர் அகலம் என்று போட்டுவிட்டேன். ஸ்பெயினின் 1995 மந்தைப் பாதைச் சட்டப்படி, மூன்று வகைப் பாதைகளில் அகலமான 'கான்யாதா'வுக்கு மட்டுமே அந்த உச்ச அளவு. அடுத்த வகையான 'கோர்தெல்' அதிகபட்சம் 37.5 மீட்டர், குறுகலான 'வெரேதா' 20 மீட்டர். குறுகிய பாதையில் குதிரைக்கு ஒதுங்க இடம் இருக்காது.

கடலூர் சில்வர் பீச்சில் சவாரி செய்த பழக்கம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நாள் முழுக்கச் சேணத்தில் இருக்கணும். மந்தை வேகத்துக்குக் குதிரை மெதுநடைதான் போடும், உங்கள் முழங்காலைக் கொல்வதே அதுதான். அங்கவடியை (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) ஒரு துளை இறக்கிக் கட்டுங்கள். உள்தையல் தடித்த ஜீன்ஸ் தொடையை உரித்துவிடும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, பின்னாலிருந்து நெருக்குவது. கன்று பின்தங்கும், தாய் திரும்பி ஓடிவரும், வரிசை கலையும். பக்கவாட்டில், மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால் வந்தால் அது முன்னே போகும். தோளைத் தாண்டினால் நின்று திரும்பும். மஞ்சுவிரட்டு நினைப்பில் கத்தவே கூடாது!

விசா: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதானே, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் புதுச்சேரியிலேயே இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். அதிக நாள் தங்குவது ஸ்பெயின் என்றால் விண்ணப்பமும் ஸ்பெயினுக்குத்தான். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கணும். குதிரைச் சவாரியை விலக்கியிருக்கிறதா என்று பாலிசியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.